வெறுங்கழுத்தும் ஒரு ஸ்டிக்கர் பொட்டும்

பத்து வயதில் நான் என் அப்பாவை ஒரே வாக்கியத்தில் கொன்றுபோட்டேன். அவரோ அந்நேரம் நாகர்கோவிலில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து, புது ஊரில் ஒரு மிஷனரிக் குடும்பம் எப்படிப் பழக வேண்டும் என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னேன்.

நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். அப்பா நல்ல அரசாங்க வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். எங்கள் சபையில் இதற்கென்று ஒரு பேச்சு உண்டு. ஒருவர் ஊழியத்துக்கு வந்துவிட்டால் அவர் வேலையை விட்டார் என்று சொல்ல மாட்டார்கள், ஆண்டவர் அவரை அழைத்துவிட்டார் என்பார்கள். நான் பேசப் பழகிய நாளிலிருந்து, அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் இதைத்தான் ஒப்பிப்பேன். சபையில் எல்லோரும் கன்னத்தைக் கிள்ளி அல்லேலூயா சொல்வார்கள்.

மிஷன் எங்களை அரியலூர்ப் பக்கம் அனுப்பியது. ரெட்டிபாளையத்தைத் தாண்டி ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அப்பாவின் பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது, எனக்கோ பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். அதனால் அம்மாவும் நானும் முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம். புதிய கலாச்சாரத்தைப் பற்றி அவர் அங்கே படித்துக்கொண்டிருக்க, அதில் நாங்கள் இங்கே மாட்டிக்கொண்டோம்.

போன மறுநாளே எதிர் வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டாள். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவள் அவள்தான். அப்பா எங்கே பாப்பா என்று கேட்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று சொன்னேன்.

“எங்க அப்பாவ ஆண்டவர் அழைச்சிட்டாரு. எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாவ.”

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு கிண்ணம் நிறைய முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள். ஆகா, சபையில்கூட நமக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லையே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் இதையே சொன்னேன். ஒரு வீட்டில் அதிரசம்கூடக் கிடைத்தது.

அம்மாவின் கோலமும் என் பேச்சுக்குத் தோதாக அமைந்துவிட்டது. எங்கள் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை, பூ வைப்பதில்லை, பொட்டு கிடையவே கிடையாது. தாலியும் கிடையாது. அம்மா எப்போதும் வெளிர் நிறச் சேலை, ஞாயிற்றுக்கிழமை என்றால் சுத்த வெள்ளை. சிமெண்ட் லாரிகள் ஓடுகிற அந்தத் தெருவில் சாயங்காலத்துக்குள் அது சாம்பல் நிறமாகிவிடும், அவளும் சளைக்காமல் துவைப்பாள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உரத்த குரலில் ஜெபம் செய்வாள். நாங்கள் ஜெபத்தில் ஆண்டவரை அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா அப்பா, அப்பா என்று கண்ணீர் விட்டு ஜெபிப்பது தெருமுனை வரை கேட்கும். அந்த ஊர் வேறென்னதான் நினைத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

ஊர் எங்களிடம் கனிவாகத்தான் நடந்துகொண்டது. முருங்கைக்கீரை வந்தது, புளி வந்தது. ஆனால் காலையில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அம்மா எதிரே வந்துவிட்டால், அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். நாம் வேதக்காரர்கள் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்றாள் அம்மா. ஆண்டவருக்காகப் பாடுபடுகிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. எனக்கு அந்தப் பெருமை எல்லாம் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் முதல் நாளே குடிக்க வெள்ளம் கேட்டுவிட்டு, வெள்ளம் என்றே பட்டப்பெயர் வாங்கியிருந்தேன். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு அதுதான் பெயர், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பொட்டு இல்லாத நெற்றிக்கும் தனியாகக் கேலி இருந்தது. வீட்டுக்காரம்மாவின் மகள் எட்டாவது படித்தாள், அந்த ஊரில் என்னைக் கேலி செய்யாத ஒரே அக்கா. அவள் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து எனக்கு ஒட்டிவிட்டாள். அம்மா அதைப் பார்த்த வேகத்தில் நகத்தால் உரித்தெடுத்துச் சுவரில் அப்பினாள். இந்த வீட்டில் இதெல்லாம் நுழையக் கூடாது என்றாள். நான் ராத்திரி சாப்பிடவில்லை. இன்றைக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போகிறேன், அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்த ஊரில் அம்மாவுக்கு ஒரே சிநேகம் பக்கத்து வீட்டுச் சித்தி. சொந்தச் சித்தி இல்லை. அம்மாவை அவள் அக்கா என்றதால் எனக்குச் சித்தி ஆனாள். முப்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷன் அரியலூர் ரோட்டில் பைக்கில் போனபோது லாரி மோதி இறந்துவிட்டிருந்தார். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பாள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்கு ஜாக்கெட் அவள்தான், அத்தனை கச்சிதம். ஆனால் அவள் ஒரு கல்யாணத்துக்கும் போய் நான் பார்த்ததில்லை. துணியை யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

மத்தியானம் ஆனால் மிஷினை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவின் தேங்காய் அரைத்த குழம்பு அவளுக்குப் பிடித்துப்போனது. அவளுடைய கம்பங்கூழை நான் முகம் சுளித்துக்கொண்டு குடிக்கப் பழகினேன். நாங்கள் போன இரண்டாவது வாரம் ஒரு சனிக்கிழமை. அம்மா அரிவாள்மணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெண்கள் ஏன் ஒதுங்கிப் போகிறார்கள் என்று அம்மா கேட்டாள். சித்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“நம்மள மாதிரி ஆளுங்க காலைல எதிர்ல வரக்கூடாதுக்கா, அதான். எனக்கும் மொதல்ல அழுகையா வரும். இப்ப பழகிடுச்சு. நீங்க வந்த பெறகு நான் ஒருத்தி இல்லை, ரெண்டு பேருன்னு ஆயிடுச்சுல்ல?”

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. தூரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி போட்டார்கள், அலமாரியில் தம்ளர்கள் கலகலத்து அடங்கின. அம்மா எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சித்திக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். சித்தி போன பிறகு, சித்தியும் வேதக்காரியா என்று கேட்டேன். நம்மள மாதிரி ஆளு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். சும்மா இரி என்று அதட்டிவிட்டு அம்மா துணி எடுக்கப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை செத்துப்போன என் அப்பா பைக்கில் வந்து இறங்கினார்.

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். தெருவே வாசலில் நின்று பார்த்தது. மறுநாள் காலை அவர் கைலியைக் கட்டிக்கொண்டு வெளியே நின்று சாவகாசமாகப் பல் தேய்த்தாரே பார்க்கலாம், அதோடு எல்லாம் தீர்ந்தது. எட்டு மணிக்கு வீட்டுக்காரரும் அவருடைய அம்மாவும் சம்சாரமும் சேர்ந்து வந்தார்கள். நீங்கள் யார் என்று வீட்டுக்காரர் கேட்டார். பயிற்சியில் இதற்காகத்தானே இத்தனை வாரம் உட்கார்ந்திருந்தார், அப்பா புன்னகையோடு தான் ஆண்டவருடைய ஊழியன் என்றார்.

“அது இருக்கட்டுங்க. இந்தம்மாவுக்கு நீங்க யாரு?”

புருஷன் என்றார் அப்பா. அவர்தான் செத்துப்போனாரே, உங்கள் மகளே சொன்னாளே என்றார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆண்டவர் அழைத்தார் என்றுதானே சொன்னேன், செத்தார் என்று எப்போது சொன்னேன் என்று நான் அழுதுகொண்டே கத்தினேன். ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து அம்மா அப்பா கல்யாணப் படத்தையும் எடுத்துவந்து நீட்டினேன். அதில் அம்மா வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வெள்ளை முக்காடு போட்டு, வெறுங்கழுத்தோடு நிற்பாள். வீட்டுக்காரம்மா அதை வாங்கிப் பார்த்தாள், மாமியாரிடம் கொடுத்தாள். கல்யாணத்துக்கே வெள்ளைச் சேலையா என்று அந்தப் பாட்டி கேட்டதில் காரியம் இன்னும் மோசமானது. கடைசியில் வீட்டுக்காரம்மாதான் என் மூக்கையும் அப்பாவின் மூக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இந்த மூக்கு வேறு எவனுக்கும் இருக்காது, இவர் அப்பன்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். அந்த மூக்கை நான் அதுவரை வெறுத்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை நேரமும் அம்மாவின் கவனம் இங்கே இல்லை. அவள் பக்கத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சித்தி தையல் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி நின்றிருந்தாள்.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?” என்று மட்டும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு மத்தியானங்களில் அவள் வரவில்லை. அம்மா குழம்பு வைத்துக் கொடுத்தனுப்பினாள், கிண்ணம் மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

அப்பாவுக்கோ நல்ல காலம் பிறந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவின் மகள் பெரிய மனுஷி ஆகியிருந்தாள், மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். வீட்டுக்காரம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கே வந்தாள். தெரியாமல் ஒதுக்கிவிட்டோம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுமங்கலி நீங்கள் வந்து என் மகளுக்கு நலங்கு வைக்க வேண்டும் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். ஊர்க்கண்ணுக்காக ஒரு சின்னப் பொட்டும் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், ஒரே ஒரு நாள்தானே என்றாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

நான் வானத்தில் பறந்தேன். பாட்டுக்கச்சேரி உண்டு, ஐஸ்கிரீம் உண்டு, எனக்குப் பொட்டு வைத்துவிட்ட அக்கா மேடையில் உட்காரப்போகிறாள். அப்பாவும் பறந்தார். ஆண்டவர் இந்த ஊரில் கதவைத் திறந்துவிட்டார், ஒரு கயிறில் என்ன இருக்கிறது என்றார். உடனே பெரம்பலூருக்கு போன் போட்டார். எங்கள் மிஷனின் பொறுப்பாளர் அங்கேதான் இருந்தார், பெரியய்யா என்போம். அவரும் போனில் அம்மாவுக்கு நீளமாக விளக்கினார். கயிறு வெறும் கலாச்சாரம்தான், ஆத்துமாக்களுக்காக நாம் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும், ஆண்டவர் மன்னிப்பார் என்றார்.

அம்மா கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். அம்மாவுடைய கம்மலைக் கழற்றச் சொன்னவரும் இதே பெரியய்யாதான், அது எனக்குத் தெரியும். காதில் துளைகள் தூர்ந்துபோய்ப் புள்ளியாக இருக்கும்.

“கம்மலக் கழத்தச் சொன்னப்பவும் ஆண்டவரு பேரத்தான் சொன்னிய. இப்ப கயிறு கெட்டச் சொல்லுகதுக்கும் ஆண்டவரு பேரையே சொல்லுகிய. ஆளாளுக்கு ஏத்தி எறக்க நான் என்ன கொடிமரமா?”

போனை அப்பாவிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியய்யாவை யாரும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா போனைக் காதில் வைப்பதா அணைப்பதா என்று தெரியாமல் நின்றார்.

விழா நாள் வந்தது. போகப்போவதில்லை என்று நினைத்து நான் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தேன். பத்து மணிக்கு அம்மா குளித்துத் தன் வெள்ளைச் சேலையை எடுத்துக் கட்டினாள். கஞ்சி போட்டு இஸ்திரி போட்டது, எங்கள் ஊரில் ஈஸ்டருக்குக் கட்டுவது. அப்பா பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள். உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. சித்தி வர மாட்டேன் என்று அழுவது கேட்டது. அம்மாவின் குரல் கேட்கவே இல்லை. வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது சித்தியின் மணிக்கட்டு அம்மாவின் கையில் இருந்தது.

பந்தல் தெருவை அடைத்துப் போட்டிருந்தது. அம்மா நடுவில் நடந்தாள், சித்தி தலையைக் குனிந்துகொண்டு கூடவே வந்தாள், நான் இருவருக்கும் பின்னால் ஒளிந்துகொண்டு போனேன். வீட்டுக்காரம்மா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். அம்மாவின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள், பக்கத்தில் சித்தியைப் பார்த்தாள், முகம் வெளிறிவிட்டது. நீங்கள் வேண்டுமானால் வாருங்கள், அவளை இன்றைக்கு மட்டும் வேண்டாமே என்று மெதுவாகச் சொன்னாள். மேடையில் அக்கா பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஜாக்கெட்டுக்குச் சித்தி எத்தனை நாள் கண் வலிக்க மணி வைத்துத் தைத்தாள் என்பது எனக்கே தெரியும்.

“இவ தச்ச ஜாக்கெட்டு மேடைல இருக்கலாம், இவ பந்தல்ல இருக்கக் கூடாதோ?”

அம்மா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பாட்டுக்காரன் அந்த நேரம் பார்த்து ஒரு பாட்டை முடித்துவிட்டிருந்தான். பந்தல் முழுக்கக் கேட்டது.

யாரும் சண்டைக்கு வரவில்லை. அம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள், சித்தியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அந்த வரிசை மெல்ல மெல்லக் காலியானது. நலங்கு வைக்க யாரும் கூப்பிடவில்லை, அம்மாவும் எழுந்து போகவில்லை. சித்தி ஒரே ஒரு முறை தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தாள். அக்கா சட்டென்று தன் ஜாக்கெட் கையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள், பாட்டி அவள் தோளை அமுக்கினாள். பந்தியிலும் எங்களுக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. பரிமாறுகிறவர்கள் எங்கள் இலைகளுக்கு மட்டும் ஓடி ஓடிப் பரிமாறினார்கள், சீக்கிரம் எழுந்து போகட்டும் என்றுதான். அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள், ரசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஐஸ்கிரீம் எங்கள் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது என்றார்கள், அதை நான் இன்னும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்து, வீடு மகனுக்குத் தேவைப்படுகிறது என்றார். மகன் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தான். பெரம்பலூரிலிருந்து அப்பாவுக்குத் திட்டு வந்தது, அப்பா அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. திறந்த கதவை நீயே சாத்திவிட்டாய் என்று ஒருமுறை மட்டும் சொன்னார். அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு போர்ஷன் பார்த்து, குட்டியானை வண்டி பேசினார்கள். நான் அப்பா கட்சிதான். ஒரு கயிறு, ஒரே ஒரு நாள் கயிறு, அதைக் கட்டியிருந்தால் எனக்கு ஊர் இருந்திருக்கும், அக்கா இருந்திருப்பாள்.

சாமான் ஏற்றி முடிந்ததும் தெருவில் பாதிப்பேர் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சித்தி வெளியே வந்து, எல்லோரும் பார்க்கத் தெருவின் நடுவில் நின்றாள். நெற்றியில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு. பழக்கம் விட்டுப்போனதால் கோணலாக, இடது புருவத்துப் பக்கம் ஒதுங்கி ஒட்டியிருந்தது. அவள் தலை குனியவில்லை.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு கிட்டே போய், என் நெற்றியிலிருந்து பொட்டை உரித்த அதே நகத்தால் அந்தப் பொட்டை மெல்ல உரித்தாள். அம்மா அதை எடுத்து இரண்டு புருவத்துக்கும் சரியாக நடுவில் ஒட்டி, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டாள்.

“இப்ப சரியா இருக்கு” என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வண்டி ரெட்டிபாளையம் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சித்தி வைக்கலாம், நான் மட்டும் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்டேன்.

“ஒன்ன யாரும் வைக்கக் கூடாதுன்னு சொல்லல்லியே மக்கா.”

“நீதானே சொன்ன!” என்று கத்தினேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டிக்காரரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். நியாயம் முழுக்க என் பக்கம் இருக்கும்போது எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, அரியலூர் வரும் வரை நான் அம்மா பக்கம் திரும்பவே இல்லை.